தண்ணீரைப் பூட்டும் துகள்

வெளியூர்க் கல்யாணம் என்றால், எங்கள் பெரியம்மா முந்தின நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கேட்டால், “பஸ்ல அடக்க முடியலைன்னா என்ன பண்றதுப்பா?” என்பார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும். அவசரம் கூடத்தான் செய்யும். அவருக்குத் தேவைப்பட்டது தாகம் அல்ல, ஒரு நல்ல டயாப்பர்.

புதிய டயாப்பர் ஒன்றை வெட்டி, உள்ளிருக்கும் பஞ்சைச் செய்தித்தாள்மேல் உதறுங்கள். சர்க்கரைபோல வெள்ளைத் துகள்கள் விழும். அதில் ஒரு தேக்கரண்டியை டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் கெட்டிக் கூழாகிவிடும், கவிழ்த்தாலும் கொட்டாது. அதிலேயே உப்பைப் போட்டுக் கலக்கினால் கூழ் இளகி நீர் பிரியும்.

அந்தத் துகள் சோடியம் பாலிஅக்ரிலேட். சுருண்டு கிடக்கும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஈரம் பட்டதும் ஒன்றையொன்று விலக்கி விரிந்து, நீரை உள்ளே பிடித்துக்கொள்கின்றன. காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்பு அந்த விலக்கு விசையைத் தளர்த்திவிடும். சிறுநீரும் உப்பு நீர்தான். அதனால் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். அதுவே போதுமானது. வேலையைத் துகள் பார்த்துக்கொள்வதால், தடிமனாக இருந்தால்தான் தாங்கும் என்பதில்லை. மெல்லிய டயாப்பர் புடவைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் புடைத்துத் தெரியாது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லி லிட்டர் அளவு ஆய்வகக் கணக்கு. உட்காரும்போது உடல் பாரம் அழுத்தும், ஈரமும் ஒரே இடத்தில் இறங்கும். நிரம்பிய சிறுநீர்ப்பையில் 300 முதல் 500 மி.லி. வரை இருக்கும் என்பதை நினைவில் வைத்து, கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள்.

தாராளம் கொள்ளளவில்தான், சைஸில் வேண்டாம். இடுப்பையும் பிட்டத்தின் அகன்ற பகுதியையும் டேப்பால் அளந்து, பாக்கெட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பெரிதாக எடுத்தால் தொடையோரம் இடைவெளி விழுந்து கசியும். நடமாடுபவர்களுக்கு ஜட்டிபோல இழுத்துப் போடும் பேன்ட் வகை. படுக்கையில் இருப்பவர்களுக்கு டேப் வகை. சொட்டுச் சொட்டாகக் கசிவதற்குப் பேடே போதும். மாட்டியதும், தொடையிடுக்கில் மடிந்திருக்கும் எலாஸ்டிக் ஓரத்தை விரலால் வெளியே எடுத்துவிடுங்கள். பக்கக் கசிவைத் தடுக்கும் அணை அதுதான். மேலே இறுக்கமான பருத்தி ஜட்டி போட்டால் தொங்காது, சரசரக்காது.

சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக்குவதால் நாற்றம் வருகிறது, ஈரத்தோடு சேர்ந்து தோலும் புண்ணாகிறது. சென்ட் அதற்கு மருந்தல்ல. நேரத்துக்கு மாற்றி, கழுவி, ஈரம் ஒற்றி, துத்தநாக ஆக்ஸைடு களிம்பை மெல்லத் தடவினால் போதும். கழற்றியதைக் கழிப்பறைக்குள் போடக் கூடாது. தாளில் சுற்றிக் குப்பையில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கசிவு தொடங்கியதுமே டாக்டரையும் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், புராஸ்டேட் வீக்கம் எனச் சிகிச்சையுள்ள காரணங்கள் பல உண்டு. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியாலேயே குணம் கண்டவர்கள் ஏராளம்.

போன தை மாதம் பெரியம்மா கல்யாணத்துக்குக் கிளம்பினார். கைப்பையில் மாற்று டயாப்பர் ஒன்றும், சுற்ற ஒரு பழைய செய்தித்தாளும் இருந்தன. பஸ் ஏறும் முன் சொம்பைத் தூக்கி அண்ணாந்து பாதித் தண்ணீரைக் குடித்தார்.