பகுதிநேரப் பயிற்சிக்கு ஏன் இடமில்லை?

சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தெடுத்த தாய். நோயுற்றோரைப் பேணுவோருக்கு அந்தச் சொல்லையே இன்று சூட்டியிருக்கிறோம். பிறரைப் பேணும் செவிலியருக்கும் வீட்டில் பேண வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை நம் மருத்துவமனைகளின் பணி விதிகள் நினைவில் கொண்டுள்ளனவா? எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளம்பெண் ஒருவரின் அனுபவம் இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது.

நான்காண்டு செவிலியர் பட்டப் படிப்பை முடித்தவர் அவர். படிப்பு முடிந்ததும் திருமணம். அடுத்தடுத்து இரு குழந்தைகள். மூத்தவனுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஒன்றரை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு தனியார் மருத்துவமனை ஒன்றில் புதிய செவிலியராகச் சேர்ந்தார். மூத்த செவிலியர் ஒருவரின் மேற்பார்வையில் 12 வாரப் பயிற்சி. வாரத்துக்கு ஆறு நாள். காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்டுகளும் சுழற்சியில் வரும். குழந்தைகள் சற்று வளரும்வரை வாரம் மூன்று நாள் வருகிறேன், பயிற்சியை அதற்கேற்ப நீட்டித்துக் கொள்ளுங்கள், ஊதியத்தையும் குறைத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

கணவருக்கு அடிக்கடி வெளியூர் செல்லும் வேலை. மாமியார் கிராமத்தில். எனவே மாலை ஷிப்ட் நாள்களில் குழந்தைகளை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டோம். ஒரு மாலை இளையவளுக்குக் காய்ச்சல் ஏறியது. தாயைத் தொலைபேசியில் அழைத்தோம். பணி நேரத்தில் வார்டுக்குள் கைப்பேசி கூடாது என்பதால் பதில் இல்லை. இரவு பத்து மணிக்கு வந்து குழந்தையின் நெற்றியில் கைவைத்தவர், அன்று மாலை முழுவதும் இன்னொருவருடைய குழந்தையின் காய்ச்சலை மணிக்கொரு முறை குறித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் குரலில் புகார் இல்லை. ஐந்தாவது வாரம் வேலையை விட்டுவிட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைப்புப் பொருளாதாரம் கற்பித்தவன் நான். இந்த இழப்பை அவருடைய குடும்பச் சிக்கல் என்று மட்டும் கருத என் படிப்பு இடந்தரவில்லை. நான்காண்டுக் கல்வியில் குடும்பமும் சமூகமும் செய்த முதலீடு பயனின்றிக் கிடக்கிறது. ஐந்து வாரம் பயிற்சியளித்த மருத்துவமனையின் செலவும் வீணானது. அதே இடத்துக்கு இன்னொருவரைத் தேடி, முதல் வாரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

கணக்கு எளிமையானது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று கொண்டால் வாரத்துக்கு 48 மணி. 12 வாரத்துக்கு 576 மணி. வாரம் 24 மணி நேரம் வந்தால் அதே 576 மணி நேரம் 24 வாரங்களில் நிறைவுறும். ஆயினும் பயிற்சியை மணிக்கணக்கிலோ, கற்றுத் தேர்ந்த திறன்களின் அடிப்படையிலோ அளக்காமல் வாரக்கணக்கில் அளக்கிறோம். சிக்கலின் வேர் அங்குதான் இருக்கிறது.

மருத்துவமனையின் தரப்பிலும் நியாயம் உண்டு. புதிய செவிலியருக்குத் தொடர்ச்சி தேவை. நேற்றுச் சேர்க்கப்பட்ட நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதில்தான் கண் பழகுகிறது. இடைவெளி அதிகமானால் கற்றது மங்கும். நோயாளியின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஆனால், செவிலியர் திறன் வளர்ச்சி பற்றி 1984-இல் நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் பாட்ரிசியா பென்னர், ஒரே வகைப் பணியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருந்தவர்களே தேர்ச்சி நிலையை எட்டுவதாகக் கூறுகிறார். அப்படியிருக்க, தொடக்கப் பயிற்சி 12 வாரமா, 24 வாரமா என்பதைவிட, அந்தச் செவிலியர் மூன்றாண்டுகள் பணியில் நீடிப்பாரா என்பதே முக்கியமான கேள்வி. ஐந்தாவது வாரத்தில் விலகியவரிடம் எந்தத் தொடர்ச்சியும் இல்லை.

பயிற்சி கொடுத்த பின் வேறு மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்களே என்ற அச்சமும் நிர்வாகங்களுக்கு உண்டு. எங்கும் பயன்படும் பொதுத்திறனுக்கான பயிற்சிச் செலவை நிறுவனங்கள் ஏற்கத் தயங்கும் என்பதை 1992-இல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் விளக்கியிருக்கிறார். ஆனால், சிறு குழந்தைகளுடன் உள்ளூரில் வேரூன்றிவிட்ட ஒரு தாய் அவ்வளவு எளிதில் இடம் மாறக் கூடியவர் அல்லர். அவருக்கு ஏற்ற நேரத்தைத் தரும் நிறுவனத்தை விட்டு அவர் போக விரும்பவும் மாட்டார்.

2023-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்க மருந்தாளுநர்களை ஆராய்ந்தார். அங்கு பகுதிநேரம் பணியாற்றுவோரின் மணிநேர ஊதியம் முழுநேரப் பணியாளரின் ஊதியத்தைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. பதிவேடுகள் கணினியில் முறையாக இருப்பதால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிகிறது என்பது முக்கியக் காரணம். செவிலியர் பணியின் இயல்பும் இதுவே. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நோயாளியின் நிலை, கொடுத்த மருந்து, கவனிக்க வேண்டியவை அனைத்தையும் எழுதி, சொல்லி, பொறுப்பை ஒப்படைப்பது அன்றாட நடைமுறை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதற்காகவே அமைக்கப்பட்ட பணி, பகுதிநேரத்துக்கு ஒத்துவராது என்பது முரண்.

சட்டம் என்ன செய்கிறது? 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது; தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள் ஆக்கியது. வரவேற்கத்தக்கவை. ஆனால், இவை யாவும் வேலையில் இருக்கும்போது தாயாகும் பெண்ணை மனதில் கொண்டவை. தாயான பின் முதன்முறையாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு இவற்றால் பயனில்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும். ஆனால், மாலையில் பூட்டப்படும் காப்பகம் மாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் எப்படி உதவும்? மருத்துவமனை 24 மணி நேரமும் இயங்குகிறது. காப்பகமும் ஷிப்டுகளோடு சேர்ந்து இயங்க வேண்டாமா?

வீட்டின் பங்கையும் மறைக்கக் கூடாது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடும் சராசரி நேரம் 289 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடங்கள். இந்த 289 நிமிடங்களோடு எட்டு மணி நேர ஷிப்டையும் போக்குவரத்தையும் கூட்டினால் உறக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? உறக்கமில்லாத செவிலியர் மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய நோயாளி, நாளை நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, பயிற்சியை மணிக்கணக்கிலும் திறன் பட்டியலாலும் அளந்து, பகுதிநேரமாகவும் நிறைவு செய்ய அனுமதிக்கலாம். இரண்டாவதாக, பகுதிநேரப் பயிற்சியில் இருப்பவருக்கு நாள்களையும் ஷிப்டையும் முன்கூட்டியே நிலையாகக் குறித்து, அதே மூத்த செவிலியரின் கீழ் அமர்த்த வேண்டும். கூடியவரை அடுத்தடுத்த நாள்களாக அமைத்தால் தொடர்ச்சியும் கெடாது. இரவு ஷிப்டைப் பயிற்சியின் பிற்பகுதிக்குத் தள்ளி வைக்கலாம். மூன்றாவதாக, தனித்தனியே காப்பகம் நடத்த இயலாத சிறு மருத்துவமனைகள் சில சேர்ந்து ஒரு பொதுக் காப்பகத்தை நடத்தலாம். அதற்கு அரசு உதவலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணி நேரம் கோரும் உரிமை ஊழியருக்கு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நிறுவனம் மறுக்கலாம். ஆனால் பரிசீலிக்காமல் மறுக்க முடியாது. குறைந்தபட்சம் அந்த உரிமையையாவது நாம் இங்கு கொண்டுவர வேண்டும்.

மாடி வீட்டுப் பெண் இப்போது அருகிலுள்ள மருந்துக் கடையில் பகல் நேரத்தில் பில் போடுகிறார். நேரம் ஒத்துவருகிறது என்கிறார். செவிலியர் பதிவுச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. சென்ற வாரம் என் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கை இன்னும் மறக்கவில்லை என்று சிரித்தார். அந்தக் கை மறப்பதற்குள் அவரை மீண்டும் வார்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழியை நம் மருத்துவமனைகள் காண வேண்டும்.