எது அந்நிய சுரம்?

சேலையூரில் ஒரு தேவாலயத்தில் கரோல் ஒத்திகை. ஆண்குரல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு இழையாமல் உரசிக்கொண்டு நின்றது. 'அபஸ்வரம்' என்றேன். குழுவை நடத்தியவர் சிரித்தார். "அவன் நகரவே இல்லீங்க. கீழே இருக்கறதுதான் நகர்ந்துடுச்சு." இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

கர்நாடக இசைக்கு அந்நிய சுரம் தெரியும். பைரவியின் தாய்மேளமான நடபைரவியில் இருப்பது சுத்த தைவதம். பைரவியின் ஆரோகணத்தில் வரும் சதுச்ருதி தைவதம் அந்நியம். மேளத்தின் பட்டியலை வைத்து இது தீர்மானிக்கப்படுகிறது. பாட்டு எந்த இடத்தில் நின்றாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

மேற்கத்திய ஹார்மனியில் அப்படியில்லை. அங்கே பல சுரங்கள் ஒருசேர ஒலித்துக் கூட்டாகின்றன. சங்கராபரணத்தின் சுரங்களில் ச-க-ப ஒரு கூட்டு, ப-நி-ரி மற்றொன்று. முதல் கூட்டில் ச வீட்டுக்காரன். கீழே ப-நி-ரி வந்த பிறகும் ஒரு குரல் ச-விலேயே தங்கிவிட்டால் அக்கணமே அது கூட்டுக்குப் புறம்பாகிறது. உரசுகிறது. பின் ஒரு படி இறங்கி நி-யில் சேர்கிறது. இதற்கு சஸ்பென்ஷன் என்று பெயர்.

அந்நியமானது எது என்று கவனியுங்கள்: ச. தம்பூரா மரபில் அசையாத, மற்ற எல்லாவற்றையும் அளக்கிற சுரம். அதன் 'சொந்தம்' அதன் சாராம்சத்தில் இல்லை. தம்பூரா அதையே ஓயாமல் மீட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது.

இதே நகர்வைப் படிப்படியாகக் கீழிறக்கித் திரும்பத் திரும்பச் செய்தால் அது சீக்வென்ஸ். கோரெல்லி, பாஹ் காலத்து இசையில் நிறையக் கேட்கலாம். இறங்கிச் சேர்ந்த சுரம், அடுத்த கூட்டு வந்ததும் மறுபடி அந்நியமாகிறது, மறுபடி இறங்குகிறது. சேர்ந்த இடமே அடுத்த விலக்கலுக்கான தயாரிப்பு.

1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', ராகங்களை இப்படி நகரும் தளத்தின்மேல் நிறுத்தியது. அதிலும் 'அபஸ்வரம்' இருப்பதாக ஒரு கூட்டத்தில் பேசியவன் நான். தளத்தைக் கேட்காமல் சுரத்தை மட்டும் கேட்ட காது அது.

இதை விடுதலையின் கதையாகக் கொண்டாடிவிடவும் முடியாது. உரசலில் இறங்கிப்போக வேண்டியது தங்கிய குரல்தான் என்பது விதி. தளம் இறங்கி வருவதில்லை. சேர்ந்து ஒலிப்பதுதான் ஹார்மனி என்றால் அதற்குப் புறம்பான சுரம் எப்படி இருக்க முடியும் என்று 1911இலேயே ஷோன்பெர்க் தன் ஹார்மனி நூலில் வாதிட்டார்.

2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு அனுப்பப்பட்டவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்றோம். அவர்கள் நகரவே இல்லை. கீழே இருந்த நிலத்தின் கணக்குதான் மாறியது.

யாரையும் அந்நியம் என்று எழுதுமுன் கேட்டாக வேண்டும்: இப்போது கீழே ஒலிப்பது எது? அதை மீட்டுவது யார்?