காவிரி ஏற்றிய விளக்கு

மாலைப் பொழுதில் சுவரிலுள்ள விசையை அழுத்துகிறோம். வீடு ஒளி பெறுகிறது. அவ்வொளி எவ்விதம் நம் இல்லம் வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெங்களூரில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் அதனை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக இருந்து, பின்னர் விஞ்ஞானியாக உயர்ந்தவர் மைக்கேல் பாரடே. கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது என்பதை 1831-ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்தார். இவ்வளவுதான் கண்டுபிடிப்பு! காந்தத்தையோ சுருளையோ ஓயாமல் சுழற்ற ஒரு சக்தி கிடைத்துவிட்டால், மின்சாரமும் ஓயாமல் கிடைக்கும். உயரத்திலிருந்து வீழும் நீர் அச்சக்தியை இலவசமாகவே தருகிறது. நம் நாட்டில் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897-ஆம் ஆண்டிலேயே ஒரு சிறிய நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

மைசூர் இராஜ்யத்தில் காவிரி சிவசமுத்திரத்தில் பேரருவியாக வீழ்கிறது. அந்நாளில் மைசூர்த் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அருவியின் ஆற்றலை மின்சாரமாக்கும் திட்டத்தை அவர் ஊக்கத்துடன் ஆதரித்தார். ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது: அத்தனை மின்சாரத்தையும் விலை கொடுத்து வாங்குவோர் யார்? கோலார் தங்கச் சுரங்கங்களே அதற்கு விடையாயின.

சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயல் ஏறக்குறைய 92 மைல் தொலைவு. அவ்வளவு தூரம் கம்பியில் செல்லும்போது மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். இதற்கு விஞ்ஞானம் ஓர் உபாயம் கண்டிருந்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே சக்தியை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பியில் ஏற்படும் இழப்போ நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மின்மாற்றி என்னும் கருவி, புறப்படும் இடத்தில் அழுத்தத்தை உயர்த்துகிறது. சேரும் இடத்தில் தாழ்த்துகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் காவிரியின் மின்சாரம் தங்கவயலை எட்டிற்று. அதைக் காணச் சேஷாத்திரி ஐயர் உயிருடன் இல்லை; முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், பெங்களூர் வீதியில் மின்விளக்கு எரிந்தது. அதுவரை மண்ணெண்ணெய் விளக்குகளே வீதிகளுக்கு ஒளி தந்தன. பின்னர் மாவு அரைக்கும் யந்திரம் முதல் ஆலைத் தறி வரை யாவும் மின்சாரத்தால் இயங்கலாயின. பிள்ளைகள் இரவிலும் கண் கூசாமல் படிக்கலாயினர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மின்சாரம் முதன்முதலாக வந்தது இயந்திரங்களுக்காகவே. ஏழையின் குடிசைக்காக அன்று. சுரங்கம் வாங்கியிராவிடில் கம்பி அக்காலத்தில் நாட்டப்பட்டிருக்குமா என்பதே ஐயம். அந்தச் சுரங்கம் யாருடைய உழைப்பால் நடந்தது? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற எளிய தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரின் உழைப்பால் அன்றோ! பூமிக்கடியில் பதினாயிரம் அடிக்கும் கீழே இறங்கிக் கல்லைத் துளைத்தவர்கள் அவர்கள். கல்தூசி நுரையீரலை அரிக்க, இளம் வயதிலேயே நோயுற்று மாண்டோர் பலர்.

கண்டுபிடிப்பு தானாக நடந்து வீட்டுக்கு வருவதில்லை. பாரடேயின் அறிவு, திவானின் துணிவு, பொறியாளரின் திறமை ஆகியவற்றைப் புத்தகங்கள் போற்றுகின்றன. நான்காவதாகிய தொழிலாளியின் உழைப்பைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. நாமாவது அதை நம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். “நீங்கள் இந்நகருக்கு வந்தேறியவர்கள்தாமே?” என்று எவரேனும் வினவினால், நம் பிள்ளைகள் தலை குனிய வேண்டியதில்லை. இந்நகரின் முதல் மின்விளக்குக்கு வழி திறந்த உழைப்பில் நம்மவரின் வியர்வையும் கலந்திருக்கிறது. அதே வேளையில், காவிரி நீர் கன்னட நாட்டில் வீழ்ந்து தந்த ஒளி அது என்பதையும் நாம் நன்றியுடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. இன்று அத்தொழிலாளரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையிலேயே மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி, வேலைக்காகப் பெங்களூர் வருகின்றனர். ரயில்வே அலுவலில் இருக்கும் நான் அக்கூட்டத்தை அன்றாடம் காண்கிறேன். ஒரு காலத்தில் மின்சாரம் இந்நகரிலிருந்து அவர்கள் ஊருக்கு அன்று, அவர்கள் ஊருக்குச் சென்ற பிறகே இந்நகருக்கு வந்தது. நெரிசலில் அவர்கள் நம் அருகே வந்து நின்றால், சற்று நகர்ந்து இடம் கொடுப்போமாக.