முன்கண்ணாடி ஓரம் ஒழுகுதா? உப்புக்காத்து ஊர்க்காரர்களே, இதைக் கவனிங்க!

ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில் காரைத் திறக்கிறீங்க. மேட்டுக்கு அடியில் சதசதன்னு ஈரம், உள்ளே புழுங்கின வாடை. பழைய மாருதி 800, அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகின கதை. ஆனால், மரக்காணம் உப்பளங்களை ஒட்டி வாழ்கிறவர்கள் இதைச் சும்மா விடக் கூடாது.

காரணம், உப்பு. இது பீடிங் ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையில் படிந்து, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மழை விட்டாலும் அந்த இடம் காயாது. துரு உப்பி ரப்பரைத் தூக்க, அந்தச் சந்தில் தண்ணி இறங்கும். அது வயரிங் வரை போனால் செலவு எகிறிடும்.

கண்ணாடிதான் காரணமா?

மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது ஈரமாகிறதா? ஏசி தண்ணி வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கலாம். கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடிகிற இடத்தில் சருகு அடைத்திருந்தாலும் தண்ணி உள்ளே வரும்.

ரெண்டும் இல்லையா? ஒருத்தர் டார்ச்சோடு உள்ளே உட்காருங்க. இன்னொருத்தர் ஹோஸில் மெதுவாக, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே தண்ணி விடணும். மேலிருந்து ஊத்தினால், வழிந்து வரும் தண்ணி ஓட்டை எங்கேன்னு காட்டாது.

எப்படிச் சரிசெய்வது?

ரப்பர் மிருதுவாக இருந்தால், பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்க. ஐஸ் குச்சியால் ரப்பர் விளிம்பைத் தூக்கி, கண்ணாடி பீடிங்குக்கென விற்கும் இறுகாத சீலன்ட்டைச் செலுத்துங்க. வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் துருவைக் கூட்டும்.

ரப்பர் வெடித்து, கல்லாக இறுகியிருந்தால் பூச்சு நிற்காது. கண்ணாடியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, புது பீடிங் போட வேண்டும். துருவை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் மாத்தினால், அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகலாம்.

புதிய கார்களில் கண்ணாடி யூரித்தேன் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. அதை நீங்களே நோண்டாமல், கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் விடுங்க. பசை இறுகும்வரை வண்டியை எடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு: நல்ல தண்ணியில் வாரம் ஒருமுறை பீடிங் ஓரத்தைக் கழுவுங்க. கடலோர ஊரில் பழைய கார் வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்க்கும் முன் மேட்டைத் தூக்கிப் பாருங்க!