இலக்கறிந்த நஞ்சும் தப்பிக்கும் உயிரணுவும்

நோயுற்ற உயிரணுவை மட்டும் தேடிச்சென்று அழித்து, நலமான உயிரணுக்களைத் தீண்டாமல் விடும் மருந்து கிடைக்குமா? செருமானிய அறிஞர் பால் எர்லிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கனவைக் கண்டார். அத்தகைய மருந்தை ‘மந்திரத் தோட்டா’ எனக் குறிப்பிட்டார். எதிர்ப்பொருளோடு நஞ்சை இணைத்து உருவாக்கும் ‘எதிர்ப்பொருள் நஞ்சு’ அக்கனவின் ஒரு வடிவமாகும்.

மருந்தின் அமைப்பு

இம்மருந்துக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட புரதத்தை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் பகுதி. மற்றொன்று, உயிரணுவைக் கொல்லும் நஞ்சு. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின், சூடோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் நஞ்சு ஆகியன இதற்குப் பயன்படுகின்றன.

எச்.ஐ.வி. தொற்றிய உயிரணு புதிய வைரஸ்களை உருவாக்கும்போது, வைரஸின் உறைப்புரதம் அவ்வுயிரணுவின் மேற்பரப்பில் தோன்றுகிறது. அதுவே மருந்துக்கு வழிகாட்டும் முகவரி. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள், எதிர்ப்பொருளுக்கு மாற்றாக, உறைப்புரதத்தைப் பற்றும் சிடி4 என்னும் மனிதப் புரதத்தின் ஒரு பகுதியைச் சூடோமோனாஸ் நஞ்சோடு இணைத்தனர். அது ஆய்வுக்கூடத்தில் தொற்றுற்ற உயிரணுக்களைத் தேர்ந்து கொன்றது. ஆயினும், நோயாளிகளிடம் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை, கல்லீரலையும் பாதித்தது.

நஞ்சு செயற்படும் முறை

மேற்பரப்பில் ஒட்டிய மருந்தை உயிரணு தன்னுள் இழுத்துக்கொள்கிறது. சூடோமோனாஸ் நஞ்சை அங்குள்ள ஃபியூரின் என்னும் நொதி வெட்டுகிறது. விடுபட்ட நச்சுத்துண்டு, புரத உற்பத்திக்குத் தேவையான ஒரு காரணியை முடக்குகிறது. ரிசினோ ரைபோசோமையே சிதைக்கிறது. புரத உற்பத்தி நின்றதும் உயிரணு மடிகிறது.

தப்பிக்கும் வழிகள்

இச்சங்கிலியின் எக்கண்ணி அறுந்தாலும் உயிரணு பிழைத்துக்கொள்ளும். முதலாவது, முகவரி மறைதல். வைரஸின் மரபுப்பொருளில் பிறழ்வு நேர்ந்தால் உறைப்புரதம் மேற்பரப்பை அடையாமற் போகலாம். இரண்டாவது, பாதை அடைபடுதல். ஃபியூரின் இல்லாத உயிரணுக்களைச் சூடோமோனாஸ் நஞ்சு எளிதில் வெல்வதில்லை. மூன்றாவது, இலக்கு மாறுதல். நஞ்சு தாக்கும் காரணியில் டிப்தமைடு என்னும் சிறப்பமைப்பு உருவாகாவிடில் அந்நஞ்சு பயனற்றுவிடும். வேறிடத்தைத் தாக்கும் ரிசின் மட்டும் அப்போதும் செயற்படும்.

இங்கு ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். மருந்து உயிரணுக்களுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிப்பதில்லை. பல்லாயிரம் உயிரணுக்களுள் ஏற்கெனவே மாறுபட்டிருந்த சில எஞ்சுகின்றன, அவையே பெருகுகின்றன. இது இயற்கைத் தேர்வின் நியதி.

உறங்கும் பகை

உறைப்புரதத்தை இழந்த வைரஸ் பிற உயிரணுக்களுள் நுழைய இயலாது. எனவே அத்தப்பித்தலுக்கு வைரஸ் பெருவிலை கொடுக்கிறது. ஆனால், உறங்குநிலைத் தொற்றின் நிலை வேறு. அங்கு வைரஸின் மரபுப்பொருள், உயிரணுவின் மரபுப்பொருளோடு இணைந்து அமைதியாகக் கிடக்கிறது. உறைப்புரதம் உருவாவதில்லை, எனவே மருந்துக்கு அவ்வுயிரணு புலப்படுவதில்லை. பின்னொருநாள் அது விழித்தெழக்கூடும். இன்றைய கூட்டு மருந்துகள் வைரஸின் பெருக்கத்தைத் தடுத்து நெடுவாழ்வு தருகின்றன. எனினும், அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் தலைதூக்குகிறது. நோயாளிகள் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியிருப்பது இதனாலேயே.

ஆகவே, உறங்கும் வைரஸை எழுப்புதல், எழுந்ததை நஞ்சால் தாக்குதல், புதிய தொற்றைக் கூட்டு மருந்தால் தடுத்தல் என மூன்றையும் இணைக்கும் வழியை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். பகைவனை வெல்ல அம்பின் கூர்மை மட்டும் போதாது. அவன் ஒளியும் இடத்தையும் அறிதல் வேண்டும்.