மன்னார் வளைகுடாவும் அதன் காவலும்

பாண்டியரது கடல்முத்தின் புகழை இலக்கியம் பயிலும் நாம் நன்கறிவோம். அம்முத்து விளைந்த மன்னார் வளைகுடா இன்று எந்நிலையில் உளது என்பதை அறிந்தார் சிலரே. மதுரை கடற்கரை நகரன்று. எனினும், நம் வையை இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பி, எஞ்சிய நீருடன் பாக்கு விரிகுடாவை அடைகின்றது. அதற்குத் தெற்கே அமைந்ததே மன்னார் வளைகுடா. ஆதலின் அக்கடற் செய்தி நமக்கு அயலதன்று.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை, கரையை அடுத்து 21 சிறு தீவுகள் எண்ணப்பெற்றன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள. பவளப்பாறை வெறுங்கல்லன்று, சிற்றுயிர்கள் பல தம் உடலினின்று சுண்ணத்தைச் சுரந்து நெடுங்காலமாகக் கட்டிய மனையாம். மீன்கள் அதனுட் புகலடைந்து பெருகும். அலையின் வேகமும் அதனால் தணியும். இவ்வரணைச் சுண்ணாம்பின் பொருட்டு மாந்தர் பல்லாண்டு வெட்டியெடுத்தனர். விளைவு யாதெனின், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின.

இக்கேட்டைத் தடுக்க, 1986-இல் அரசாங்கம் இத்தீவுகளையும் சூழ்ந்த ஆழமில் கடலையும் 560 சதுர கிலோமீட்டர் அளவில் தேசியப் பூங்காவாக்கிற்று. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் இடம்பெற்றன. 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், மீனவர் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவிற்கு ஒரு காப்பகம் அமைந்தது. கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள், மீன் இனம் பெருக்குங் காலமாதலின், விசைப்படகுகள் கடல் செல்லா.

உயிர்க்கோளக் காப்பகத்தின் நெறி இது: தீவுகளைச் சூழ்ந்த உட்பகுதியில் எதனையும் எடுத்தல் ஆகாது, புறப்பகுதியில் மக்கள் அளவறிந்து தொழில் செய்யலாம். நெறி நன்றே. ஆயினும் அவ்வுட்பகுதியிற் கடற்பாசி பறித்து உயிர் வாழ்ந்த ஏழை மகளிர், வேறு பிழைப்பின்றி யாது செய்வர்? எல்லை வகுத்தலோடு அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடுமோ? மாற்றுத் தொழிலும், கடலை அறிந்த அம்மகளிரோடு கலந்து முடிவு செய்தலும் திட்டத்தின் உறுப்புகளாதல் வேண்டும்.

பவளம் அழியின் மீனில்லை. மீன் இன்றேல் மீனவரில்லை. மீனவர் உடன்படாரேல் காவலும் இல்லை. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. மதுரையில் வாழும் நாமோ, வையையில் கழிவு கலவாது காத்தலை அக்கடலுக்கு நாம் செய்யும் முதற்றொண்டாகக் கொள்வோமாக.