புஜபல வண்டிகளும் இக்காலத்து மோட்டார் வண்டிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1964-ம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஒருவகை மோட்டார் வண்டிகள் இளைஞர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டிருந்தன. அந்நாட்டார் அவற்றை ‘மஸில் கார்’ என்பர். புஜபல வண்டி என்று நாம் வழங்கலாம். நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டியொன்றில், பெருவண்டிக்கென அமைந்த எட்டுச் சிலிண்டர் இஞ்சினைப் பொருத்தி, இளைஞர் கைக்கெட்டும் விலையில் விற்பதே அதன் இலக்கணமாம். இவற்றைக் குறித்துப் பேசுவோர் இருதிறத்தார். அவற்றிற்கு ஈடான வண்டி இனிப் பிறவாது என்பர் ஒரு சாரார். இன்று கடைவீதிக்குச் செல்லும் சாதாரண வண்டியே அவற்றை முந்திவிடும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது மெய் என்று துணியுமுன், அளக்குங் கோல் நேரானதா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வண்டிகளின் பிறப்பே ஒரு சாமர்த்தியத்தில் நிகழ்ந்தது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இஞ்சினை வைத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தமக்குள் விதி வகுத்திருந்தனர். அக்கம்பெனியின் போண்டியாக் பிரிவில் தலைமை இஞ்சினீயராயிருந்த ஜான் டெலோரியனும் அவர்தம் துணைவரும், 389 கன அங்குல இஞ்சினைத் தனி வண்டியாக அறிவியாமல், டெம்பெஸ்ட் என்னும் வண்டிக்கு வேண்டுவோர் வாங்கிக்கொள்ளும் உபரிச் சாதனமாக விற்று, அவ்விதியைக் கடந்தனர். 5,000 விற்றால் போதுமென்று எண்ணப்பட்ட அந்த ஜி.டி.ஓ. வண்டி, முதலாண்டிலேயே 32,450 விற்றது. பின்னர்ப் பிற கம்பெனியாரும் வாளாவிருப்பரோ?

1966-ல் கிரைஸ்லர் கம்பெனியார் ‘ஹெமி’ என்னும் 7 லிட்டர் இஞ்சினுக்கு 425 குதிரைச் சக்தி உண்டென்றனர். 1970-ல் செவ்ரோலே செவெல் வண்டியின் 454 கன அங்குல இஞ்சினுக்கு 450 என்று விளம்பரமாயிற்று. ஆயின், இவ்வெண்கள் எங்ஙனம் கிடைத்தன? இஞ்சினை வண்டியினின்றும் பிரித்து, மேடைமீதேற்றி, காற்று வடிகட்டியும் ஓசையடக்குங் குழாயும் இன்றி ஓடவிட்டு அளந்தவை அவை. 1972 முதல், வண்டியிலிருக்கும் நிலையிலேயே இஞ்சினை அளந்து கூறும் நிகர முறை வழக்கிற்கு வந்தது. அம்முறைப்படி 1971-ம் ஆண்டின் ஹெமிக்குக் கிடைத்தது 350 மட்டுமே. எஞ்சிய 75 குதிரைகளும் லாயத்தைவிட்டு எங்கே ஓடின என்று வினவுதல் வேண்டா. அவை லாயத்திற்கு வந்ததேயில்லை.

நிகர அளவிலேயே ஒப்பிடுவோம். 2024-ம் ஆண்டின் போர்டு மஸ்டாங் வண்டி, 5 லிட்டர் இஞ்சினில் 480 குதிரைச் சக்தி தருகின்றது. லிட்டர் ஒன்றுக்குப் பழைய ஹெமி 50 தந்த இடத்தில் இது 96 தருகின்றது. காரணம் யாதெனின், சிலிண்டருட் புகுந்த கலவையை எவ்வளவு நெருக்கி எரிக்கின்றோமோ, அவ்வளவு பயன் மிகும். ஹெமியில் அது பத்தேகால் மடங்கு நெருக்கப்பட்டது. மஸ்டாங்கிலோ 12 மடங்கு. அளவுமீறி நெருக்கினால் கலவை காலந்தவறி வெடித்து இஞ்சினைத் தட்டும். அக்காலத்தார் பெட்ரோலில் ஈயங் கலந்து அதனைத் தடுத்தனர். மூச்சிற் புகுந்து நஞ்சாகும் அவ்வீயத்திற்கு விடைகொடுத்த பின்னர், தட்டும் ஒலியை உணரும் கருவியும், நொடிக்கு நொடி எரியும் காலத்தை மாற்றும் கணினியும் அவ்வேலையை மேற்கொண்டன. கார்புரேட்டர் ஏறத்தாழ அளந்து வார்த்த எரிபொருளை, இன்று பீச்சுகுழல் துளித்துளியாக அளந்து விடுகின்றது.

இனி ஓட்டத்தைப் பார்ப்போம். கால் மைல் தூரத்தை நின்ற நிலையிலிருந்து கடத்தலே அந்நாட்டார் கொண்ட பரீட்சை. மேற்சொன்ன செவெல் 13 வினாடிக்கும் 14 வினாடிக்கும் இடையிற் கடந்தது. 2018 முதல் 2024 வரை விற்ற ஆறு சிலிண்டர் டொயோட்டா காம்ரி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் சாதுவான வண்டி, 14 வினாடிக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் அதே தூரத்தைக் கடக்கின்றது. ஆகவே, தலைசிறந்த சிலவற்றை நீக்கினால், பழைய புஜபல வண்டிகளிற் பெரும்பாலன அதனிடம் தோற்கும் என்பதில் ஐயமில்லை. 2023-ல் வந்த டாட்ஜ் டீமன் 170, 1,025 குதிரைச் சக்தியுடன் 8.91 வினாடியில் ஓடிற்று. மின்சார வண்டிகளோ, சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்கத்தையும் தருவன. 2021-ல் வெளிவந்த டெஸ்லா பிளெய்டு பத்து வினாடிக்குள் இத்தூரத்தை ஓசையின்றிக் கடக்கும். ஓசையே இன்பமென்பார்க்கு இது குறைதான். அதனை நாமும் மறுக்கவில்லை.

எனினும், ஓடுவதினும் நிற்பதே பெரிது. 1,700 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடுங்கால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 2 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகம் 120 ஆயின், இரட்டிப்பன்று, நான்கு மடங்காகி, 8 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கும். நிறுத்தும்போது இவ்வெப்பம் முழுவதும் பெரும்பாலும் பிரேக்கினுட் புகுகின்றது. பழைய வண்டிகளிற் பலவற்றிற்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. மூடிய டிரம்மினுள் வெப்பம் அடைபட்டு, டிரம் விரிந்து, உள்ளிருக்கும் கட்டையினின்றும் விலகும். கட்டையின் உராய்வும் குன்றும். இரண்டு மூன்று முறை விரைந்து நிறுத்தியபின், மிதித்தாலும் வண்டி நில்லாது. இன்றைய தட்டுப் பிரேக்கு காற்றில் வெளிப்பட்டு விரைவிற் குளிர்வது. இஞ்சினுக்குப் பணத்தை வாரியிறைத்துப் பிரேக்கிற் சிக்கனம் பிடித்த அக்கம்பெனியாரின் செயலை நாம் மன்னிக்க இயலாது. 1966-ல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 50,000-க்கு மேற்பட்டவர். வண்டிகள் ஓடிய 10 கோடி மைலுக்கு 5 பேருக்கு மேல். 2023-ல் அவ்வீதம் 1-க்குச் சற்று மேல். இக்குறைவிற்குப் பிரேக்கு மட்டுமன்றி, இடைவாரும் காற்றுப்பையும் சாலையமைப்பும் காரணமாம்.

1970-ம் ஆண்டின் காற்றுத் தூய்மைச் சட்டமும், ஏறிய இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடையும் புஜபல வண்டிகளின் காலத்தை முடித்தன.

டயரைப்பற்றி ஒரு சொல். அக்காலத்து டயரில் நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடந்தமையின், பக்கச்சுவர் நெளிய, தரைதொடும் பாகமும் உடன் நெளிந்து பிடிப்பை இழந்தது. ரேடியல் டயரில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராகச் செல்ல, எஃகுப் பட்டை தரைதொடும் பாகத்தைத் தட்டையாக வைக்கின்றது. பழைய வண்டியை இன்று பேணுவோர் சிலர் இத்தகைய டயரையே மாட்டுகின்றனர்; இஞ்சினைத் தொடாமலே அவ்வண்டி புறப்பாட்டிற் சறுக்குதல் குறைந்து விரைவடைகின்றது. அங்ஙனமாயின், பழைய பத்திரிகைகள் குறித்துவைத்த வினாடிக்கணக்கு இஞ்சினின் வன்மையை மட்டும் அளந்ததன்று. அக்காலத்து ரப்பரின் வழுக்கலையும் சேர்த்தே அளந்ததாகும்.